பவுடர் அக்காவும் ஐந்தாவது மூடியும்

பாய்லரின் வயிற்றில் காதை ஒட்டவைத்து, ஸ்பேனரால் மெல்லத் தட்டுகிறாள் பவுடர் அக்கா. கணீரென்று ஒலிக்க வேண்டிய இரும்பு ஓரிடத்தில் கரகரக்கிறது. அவள் முகம் மலர்ந்துவிடுகிறது. "இதோ இருக்கான் திருட்டுப்பய" என்று விரிசல்மேல் விரலை வைக்கிறாள்.

ஐம்பத்திரண்டு வயது. வார்ப்பிரும்பு பாய்லருக்கு வெல்டிங் வைக்கக் கூப்பிட்டால் போதும், தலைகால் புரியாது. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கே பந்தி முடியும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தாள். சாப்பாட்டு டப்பாவில் இரண்டு அடுக்கு. மேலே சாப்பாடு, கீழே காலி. பாய்லரில் கழற்றிய திருகுமூடிகள் அத்தனையும் அந்தக் காலி அடுக்குக்குள் விழும்வரை நெருப்பைத் தொடமாட்டாள். உள்ளே தண்ணீர் தங்கி, வழியும் அடைத்திருந்தால், சூட்டில் ஆவி பெருகி வெடித்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மூடியை மறந்துவிட்டாள். இடது புருவத்தில் பாதி இன்னும் முளைக்கவில்லை.

இன்றைக்கு மருத்துவமனையின் சலவைக்கூடம். மாலைக்குள் வெந்நீர் வராவிட்டால் நாளைய அறுவை சிகிச்சைகளுக்குச் சுத்தமான துணி கிடையாது. மேற்பார்வையாளர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் தவிக்கிறார். எல்லா மூடியையும் கழற்றியாயிற்று, ஆரம்பிக்கலாம் என்கிறார். அக்கா டப்பாவைக் குலுக்கி எண்ணுகிறாள். நான்கு.

"இந்த மாடல் பாய்லருக்கு அஞ்சு, தம்பி."

"நாலுதாங்க்கா. நானே பார்த்தேன்."

அவள் குப்புறப் படுத்து, பின்பக்கம் கையை விட்டுத் துழாவுகிறாள். பெயின்ட்மேல் பெயின்ட் அடித்து மறைந்துபோன ஒரு புடைப்பு தட்டுப்படுகிறது. ஸ்பேனரை மாட்டி மல்லுக்கட்டித் திருக, சேற்றோடு தேங்கிக் கிடந்த பழுப்புத் தண்ணீர் கொடகொடவென்று கொட்டி மேற்பார்வையாளரின் செருப்பை நனைக்கிறது. அவர் துள்ளிப் பின்வாங்குகிறார். அவளோ கைகொட்டிச் சிரிக்கிறாள்.

அப்புறம் அவள் ராஜ்ஜியம்தான். மொத்த இரும்பையும் பதமாகச் சூடேற்றுகிறாள். விரற்கடை அளவு பற்றவைத்துச் சுத்தியலால் தட்டுகிறாள். அடுத்த விரற்கடைக்கு நகர்கிறாள். முடிந்ததும் தீப்பிடிக்காத கனமான கம்பளத்தைப் போர்த்துகிறாள். மேற்பார்வையாளர் அவசரத்தில் தண்ணீர் வாளியைத் தூக்க, குறுக்கே போய் நிற்கிறாள்.

"பச்சத்தண்ணி பட்டா மறுபடி விரிஞ்சிடும். அதுவா ஆறட்டும்."

ஆறியது. மூடிகளை மாட்டி, எல்லோரையும் கதவுக்கு வெளியே அனுப்பி, குளிர்ந்த தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுகிறாள். பிறகு பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து வெல்டிங் தழும்பின்மேல் தூவிவிட்டு, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பொட்டு ஈரம் கசிந்தாலும் பவுடர் கறுத்துவிடும்.

பத்து நிமிடம். பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருக்கிறது.

உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, கரி படிந்த தன் முகத்தில் பூசிக்கொள்கிறாள், அந்தப் பாதிப் புருவம்வரை.