கை திருந்துவதற்குள் பேட்டை மாற்றலாமா?

தோற்றவர்களை நம்பிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. ஜெயித்தவர் தன் ஷட்டில் பேட்டை மாற்ற மாட்டார். தோற்றவர் மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் நிற்பார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஷட்டில் பேட் விற்பதும், அறுந்த நரம்பை மாற்றிக் கட்டுவதும்தான் முக்கிய வியாபாரம். நேற்று ஆட்டத்தில் தோற்றுவிட்டு, போனில் புது பேட்டாகப் பார்த்துத் தள்ளிய அன்பர்களே, இது உங்களுக்காகத்தான்.

கடைக்குள் ஒரு ஸ்மாஷ்

ஆரோக்கியசாமி சார் கணக்கு வாத்தியார். பைபாஸ் ரோட்டு உள்ளரங்கில் தினமும் சாயங்காலம் மச்சினன் சேவியரோடு ஷட்டில் ஆடுவார், தினமும் தோற்பார். தோற்பதுகூட அவருக்குப் பெரிதில்லை. கிறிஸ்துமஸ் அன்று மொத்தக் குடும்பமும் மாமனார் வீட்டில் சாப்பிடும். இலையில் கறி விழுந்ததும் சேவியர் எழுந்து, அத்தான் எப்படியெல்லாம் தோற்றார் என்று நடித்துக் காட்டுவார். சாரின் சொந்த மகளே விழுந்து விழுந்து சிரிப்பாளாம். வருகிற கிறிஸ்துமஸுக்குள் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அதற்காகத்தான் புது பேட் பார்க்க வந்தார். இருப்பதிலேயே விறைப்பான பேட்டை எடுத்து, காற்றில் ஓங்கி ஓர் அடி அடித்தார். மேலே வலையில் தொங்கிய கால்பந்துகள் அத்தனையும் கேரம் போர்டு மேல் விழுந்தன. ஒன்று ரோட்டுக்கே ஓடிவிட்டது. டவுன் பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்து அதை எடுத்து வந்தேன். சார் இன்னும் பேட்டையே ரசித்துக்கொண்டிருந்தார்.

"பேட்டு அருமையா இருக்கு பாய். கடையத்தான் கொஞ்சம் பெருசாக் கட்டிருக்கலாம்."

டஸ்டர் பிடித்த கை

உள்ளரங்கில் ஒரு கோச் இருக்கிறார். சாரின் வீச்சைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் நோயைச் சொல்லிவிட்டார்: சார் ஆடவில்லை, போர்டு அழிக்கிறார். இத்தனை வருஷம் டஸ்டர் பிடித்த கை. ஷட்டில் காக் தலைக்கு மேல் வந்ததும் தானாகப் பக்கவாட்டில் துடைக்கப் போய்விடுகிறது. வீச்சு சரியாகிறவரை பழைய பேட்டே போதும், இப்போது மாற்றினால் கை இன்னும் குழம்பும் என்பது கோச்சின் கட்சி.

சார் என்னிடம் தீர்ப்புக் கேட்டார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். விற்றால் எனக்கு நல்லது, விற்காவிட்டால் அவருக்கு நல்லது. கோச் சொல்வதுதான் சரி என்று வாய் சொன்னது. கை அதற்குள் அந்தப் பேட்டுக்கு உறை தேட ஆரம்பித்துவிட்டது. சாருக்கு வந்ததே கோபம்.

"பேட்டு கேட்டா பேட்டக் குடுங்க பாய். அட்வைஸு எங்க வீட்லயே அம்புட்டுக் கெடக்கு!"

மந்திரித்த பேட்

வாங்கியே விட்டார். புது பைக் வாங்கினால் சர்ச்சுக்குக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரித்து வருவது அவர்கள் வழக்கம். சார் பேட்டைக் கொண்டுபோனார். ஃபாதரும் முகம் சுளிக்காமல் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். அப்படியே இதற்கும் ஒரு ஜெபம் என்று சார் வலது கையை நீட்டியிருக்கிறார். ஃபாதரும் அதே உள்ளரங்கில் ஆடுகிறவர், சாரின் ஆட்டத்தைக் கண்ணால் கண்டவர்.

"பேட்ட மந்திரிச்சாச்சு சார். கைக்கு நீங்க கோச்சையே போய்ப் பாருங்க."

ஹெட்மாஸ்டரின் கவலை

பழைய பேட்டில் நிதானமாகத் தோற்றவர், மந்திரித்த பேட்டில் சீக்கிரமாகத் தோற்றார். வேறு வழியில்லாமல் கோச் சொன்ன வைத்தியத்துக்கு இறங்கி வந்தார்: இனிமேல் போர்டை இடது கையால்தான் அழிக்க வேண்டும். சாருக்குத் தோள்பட்டை நகர்ந்துவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் பதறிப்போய்க் கூப்பிட்டு விசாரித்தார். முழுக் கதையையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாராம்:

"கணக்கையாச்சும் வலது கையால போடுங்க சார்."

நரம்பு அறுந்த நாள்

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. புது பேட்டின் ஓரத்தில் காக் பட்டு நரம்பு அறுந்துபோக, சார் காலையில் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கென்று பார்த்துப் பகல் முழுக்க கரண்ட் இல்லை, நரம்பு கட்டுகிற மெஷின் ஓடவில்லை. சாயங்காலம் அரைகுறையாகக் கிடந்த பேட்டைப் பார்த்து சார் அழாத குறை. வண்டியில் கிடந்த பழைய பேட்டோடு உள்ளரங்குக்குப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

காக் தலைக்கு மேல் வந்தது. கை துடைக்கவில்லை. காதோரமாக மேலே போய் இறங்கி அடித்தது. சேவியர் நின்ற இடத்தில் நின்றார். கடைசிப் பாயிண்ட் விழுந்ததும் சாரைவிட நான்தான் அதிகமாகக் கத்தினேன். சார் மூச்சு வாங்கிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டு, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நடித்துக் காட்டப்போவது அப்பாதான் என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கப் போனால் வாசலில் சேவியர். அவரிடம் இருப்பது உள்ளரங்கிலேயே உசத்தியான பேட். அதைவிட உசத்தியாக ஒன்றை எடுத்துக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் வேணாம் பாய். அத்தான் நேத்து வச்சிருந்தாருல்ல, அதே மாதிரி பழைய பேட்டு ஒண்ணு கெடைக்குமா?"

தோற்றவர் தன் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற வரைக்கும், என் கடை ஷட்டர் தினமும் மேலே போய்க்கொண்டுதான் இருக்கும்.