ஒருத்திக்கு அரைக்கூறு

ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில் வாசலில் காயை நிறுத்து விற்பதில்லை. சாக்கை விரித்துக் கூறு கட்டி வைக்கிறார்கள். ஒரு கூறு கத்தரிக்காய், ஒரு கூறு வெண்டைக்காய். வாங்கினால் முழுக்கூறு. வந்த புதிதில் இது எனக்கு விளங்கவில்லை. இலங்கை மலைத் தோட்டத்தில் நாம் காய் வாங்கிப் பழகியவர்கள் இல்லை. லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம் இருந்தது. கோவா என்கிற கோஸ், கேரட், பீட்ரூட். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்து வேண்டியதைப் பிடுங்குவோம். ஒரு ஆளுக்கு ஒரு கேரட் போதுமென்றால் ஒன்றுதான் பிடுங்குவோம். இங்கே ஒரு ஆளுக்கென்று கூறு இல்லை.

நான் ஒருத்திதான். அப்பாவும் நானும் இந்தியாவுக்குக் கப்பலேறினோம். அப்பா வந்திறங்கிய மண்டபம் முகாமிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வரவில்லை, பின்னால் வருவதாக இருந்தது. அவர்கள் வந்து சேரும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். கருவாடு இல்லை, மாசி மீன் இல்லை. காய்தான் என்றால் கூறு இரண்டு நாளில் தீராது. மூன்றாம் நாள் இந்த வெயிலில் அழுகும். அரைக்கூறு கேட்க வெட்கம். வாங்குவதையே விட்டேன். சோறு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். ஒரு வருடம் அப்படியே ஓடியது.

ஒரு காலையில் பல் விளக்கித் துப்பினேன். சிவப்பாக இருந்தது. மறுநாளும் இருந்தது.

ரீலிங் செக்ஷனில் நான் பதிலி. எனக்கு அடுத்த மெஷினில் நின்றவள் இருமி இருமி இரத்தம் துப்பினாள். நெஞ்சில் பஞ்சு அடைத்துவிட்டது என்று அவளைப் போன மாதம்தான் நிறுத்தியிருந்தார்கள். அவளுக்குப் போக சோழபுரத்தில் வீடு இருந்தது. எனக்கு எங்கே இருக்கிறது? நம் கப்பல் ஒருவழிக் கப்பல். தை பிறந்ததும் மில் டாக்டர் பதிலிகளைப் பார்ப்பார், நல்ல உடம்புக்காரர்களை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. நிரந்தரம் ஆனால் தம்பி வந்து இறங்க ஒரு கூரை. ஆகாவிட்டால் அவனும் தெருவில்தான். துப்பியதை மண் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மலையில் நெஞ்சு நோய் வந்தால் நாம் என்ன செய்வோம்? பத்தியம். புளிப்பு ஆகாது. பழம் சளி கட்டும். கீரை குளிர்ச்சி. நானும் அதைத்தான் செய்தேன். எப்போதாவது பிழிந்த எலுமிச்சையையும் நிறுத்தினேன். கஞ்சி, வறுத்த உப்பு, அவ்வளவுதான். இரத்தம் கூடியது. அது கூடக்கூட நான் பத்தியத்தைக் கூட்டினேன். தொடையில் நீலநீலமாகக் கன்றியது. படியேற முழங்கால் வலித்தது. இருமல் மட்டும் வரவில்லை. அது இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தேன்.

மில் வாசலில் கடை போடும் பேச்சியக்கா தினமும் சேத்தூரிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருகிறவள். நான் ஒதுங்கிப் போவதைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“ஏட்டி சிலோன்காரி! என் கடைப்பக்கம் திரும்பி எம்புட்டு நாளாச்சு? காசை முடிஞ்சு வச்சு யாருக்குடி சீர் செய்யப் போறே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயைத் திறக்காமல். பல் இடுக்கில் இரத்தம் இருந்தது. அங்கே இருந்தவரை நாம் இந்தியாக்காரர். இங்கே நான் சிலோன்காரி. அதற்காக அன்றைக்கு வருந்த நேரமில்லை.

தை நெருங்கியது. ராஜபாளையத்தில் வைத்தியம் பார்த்தால் மில்லுக்குத் தெரிந்துவிடும். ஒரு லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். கோபுரம் தெரிந்தது. பஸ்ஸில் எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்குக் கை எழவில்லை. சீட்டு எழுதும் இடத்தில் வேறு பெயர் சொன்னேன். அந்தப் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள், நான் எழவில்லை. மூன்றாம் தடவைதான் அது நான் என்று உறைத்தது.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். படம் எடுக்க அனுப்பினார். படம் வரும்வரை சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனசுக்குள் எழுதினேன், “வராதே” என்று.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “வாயத் தெற” என்றார். பஞ்சை ஈறில் வைத்து அழுத்தினார். சிவந்து வந்தது.

“நெஞ்சுல ஒண்ணுமில்ல. ஈறுதான் கெட்டுக் கெடக்கு. என்ன சாப்பிடுதே?”

“கஞ்சிங்க. பத்தியம்.”

“எந்த டாக்டர் சொன்னாரு பத்தியம்?”

“நானேதாங்க.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “வைட்டமின் சி இல்லாம வந்தது இது. நீ நிறுத்துனதுதான் இதுக்கு மருந்தே. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, கீரை. போய்த் தின்னு.”

நம்பவா முடிந்தது? மாறிச் செய்து நெஞ்சில் சளி கட்டினால்? மறுநாள் கையில் ஒரு நெல்லிக்காயை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விஷம் தின்பது போலத்தான் கடித்தேன்.

பேச்சியக்காவிடம் முழுவதையும் சொன்னேன்.

“அரைக்கூறு கேக்க வெக்கமா இருந்துச்சுக்கா.”

“அதுக்கு, வெக்கப்பட்டே சாவியாக்கும்? இம்புட்டையும் சேத்தூர்லேருந்து செமந்து வாரவளுக்கு, ஒரு கூறைப் பிரிக்கக் கை வலிக்குமாடி? வேலை விட்டுச் செத்த நேரம் நின்னு வா. மிஞ்சுனதைக் கலந்து தாரேன்.”

தனியாக ஆக்கித் தின்கிற நம் சனத்துக்கு இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடை கட்டும் நேரத்துக்குப் போங்கள். நாலு காயில் ஒவ்வொன்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். முள்ளங்கி வாங்கினால் இலையோடு வாங்குங்கள். பலர் இலையைத் திருகி மாட்டுக்குப் போடுகிறார்கள், அதைக் கேட்டால் சும்மா தருவார்கள். வேலியில் முருங்கை நிற்கிறது. மாம்பழக் காலத்தில் அடிபட்டது மலிவு. அடிபட்ட இடத்தைச் செதுக்கினால் மீதி நல்ல பழம்தான். கீரையை அங்கே சிங்களச் சனம் செய்கிற மாதிரி மல்லுங் செய்கிறேன். பொடிசாக அரிந்து, தேங்காய் போட்டு, சட்டியில் இரண்டு புரட்டு. இறக்கி எலுமிச்சை பிழிந்தால் ஒரு ஆள் சோற்றுக்குச் சரியாக இருக்கும்.

பேச்சியக்கா ருசி பார்த்தாள். “ஆட்டுக்குட்டிக்கு அரிஞ்ச மாதிரில்ல இருக்கு” என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

பத்து நாளில் இரத்தம் நின்றது. தை மாதம் மில் டாக்டர் முன் நின்றேன். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். நிரந்தரம்.

தம்பிக்கு எழுதினேன், “வா” என்று. பதில் வருவதற்குள் அங்கே எண்பத்து மூன்று கலவரம் வந்தது. அடுத்த வருடம் கப்பலும் நின்றது. கூரை இருக்கிறது, வந்து இறங்க ஆள் இல்லை. மாரியம்மனுக்கு நேர்ந்தது அப்படியே நிற்கிறது. இன்றைக்கும் காலையில் துப்பியதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

மார்க்கெட்டில் கேரட் கண்ணில் பட்டால் ஒன்று வாங்குவேன். கொண்டையை நறுக்கிச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைப்பேன். நாலாம் நாள் தளிர் விடும். நம் தோட்டத்தில் பார்த்த அதே இலை. கொஞ்சம் தழைத்ததும் மண்ணில் ஊன்றிப் பார்த்தேன். இலை வருகிறது. கிழங்கு வைக்கவில்லை. இலையைக் கிள்ளிப் பருப்பில் போட்டுக்கொள்கிறேன்.