பெரிய நாம்பனின் கன்று

கைபேசியில் அந்த வெளிநாட்டு நாம்பன் காளையைப் பார்த்த நாளிலிருந்து, அதன் கன்றுதான் வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். தொடையும் தோளும் பிதுங்கி, தோலே போதாமல் நின்றது. சினை ஊசி போட வந்தவர் எங்கள் ஊர்மாட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"அக்கா, மாடு சின்னன். முதல் கண்டு வேற."

"அதாலதான் கேக்கிறன். கண்டாவது பெரிசா வரட்டும்." வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்தான். அந்த நாம்பனின் ஊசியையே போடவைத்தேன்.

சினையான நாலாம் மாதம், எங்கள் நானாட்டான் ஊருக்குத் தடுப்பூசி போட வந்த மாட்டு வைத்தியரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. தசை வளர்ந்தது போதும் என்று நிறுத்த உடம்பில் ஒரு மரபணு உண்டாம். அந்த இன நாம்பன்களில் அது பழுதாம்.

"கண்டுக்குத் தகப்பனிட்ட இருந்து பழுதானது ஒண்டு வரும், தாயிட்ட இருந்து நல்லது ஒண்டு வரும். அதால முழுக்க அப்பிடி வராது. எண்டாலும் கவனமா இருங்கோ. கண்டு பெரிசெண்டால் தாய்க்குக் கஷ்டம்."

கடைசி வசனம் மட்டும்தான் என் காதில் ஏறியது. மூத்த மகள் வயிற்றில் குறுக்கே கிடந்து, முருங்கன் ஆசுபத்திரியிலிருந்து மன்னாருக்கு என்னை ஏற்றிப்போன வழியெல்லாம் நான் செத்துப் பிழைத்தவள். இந்த வாயில்லாச் சீவனை அதே வழியில் நானே தள்ளிவிட்டேனே!

அன்றே பிண்ணாக்கைப் பாதியாக்கினேன். பிறகு அதையும் நிறுத்தினேன். தாய் குறையத் தின்றால் கன்று சின்னதாக இருக்கும் என்பது என் சொந்த வைத்தியம். மாடு ஏன் மெலிகிறது என்று என் புருசன் கேட்டபோது வெயில் என்றேன். விலா எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டுப் பார்த்துப் பயந்தேன்.

மாதம் நிறைந்து, ஒரு காலையில் நோவு தொடங்கியது. மாடு முக்கவே இல்லை. படுத்துக் கிடந்து என்னைப் பார்த்தது. கூப்பிட்டு வந்த வைத்தியரும் இவரும் கன்றின் காலில் கயிறு கட்டி இழுத்தார்கள். நான் தலையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். கன்று உயிரோடு விழுந்தது.

"கண்டு அளவான கண்டு," என்றார் வைத்தியர். "மாட்டுக்குத்தான் பெலனில்லை. என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கன்றைத் துடைக்கக் குனிந்தேன்.

சேலைன் ஏற்றியும் பகல் முழுக்க மாடு எழும்பவில்லை. எழும்பாவிட்டால் செத்துப்போய்விடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பொழுது சாய, கஞ்சி வாளியோடு போனேன். முன்னங்கால்கள் உதற அது எழுந்து நின்றது. பின்னால் கன்று கத்திக்கொண்டிருந்தது. மாடு அதைத் திரும்பியும் பார்க்காமல், நேரே என் கையிலிருந்த வாளிக்குள் முகத்தை விட்டது.