ஓரக் குறிப்பு இறங்கிய இடம்

இருபது வருடங்களாகக் கணினித் திரைகளை நான் நிரல் எழுதித்தான் உண்டாக்கிவந்தேன். ஒரு பொத்தான் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைக்கூட வரி வரியாகத் தட்டுவேன். போன வருடம் எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கருவி ஒன்று வந்தது. இடப்பக்கம் பெட்டிகளும் பொத்தான்களும் வரிசையாக இருக்கும்; பிடித்து இழுத்து வெற்றுத் திரையில் விட வேண்டும். ஒருமுறை வரைந்தால் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் அதுவே போதும் என்றார்கள். முதல் நாள் முழுவதும் எங்கே எழுதுவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதில் நான் செய்த முதல் வேலை, புதுச்சேரியில் ஒரு மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மா தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். எத்தா சிவில் என்கிற பிரெஞ்சு அரசின் பிறப்பு, திருமணப் பதிவுக்காகப் பிரான்சிலிருந்துகூட ஆட்கள் பழைய விவரம் கேட்டு அவரிடம் வருவார்கள்.

நான் வரைந்ததை அவர் உற்றுப் பார்த்தார். "கல்யாணம் ஆச்சுன்னா பதிவுக்குப் பக்கத்துல ஓரத்துல எழுதுவோம். இதுல ஓரமே இல்லியே சார்."

நான் பதில் யோசிப்பதற்குள் மௌஸை வாங்கி, ஒரு பெட்டியை இழுத்து வலப்பக்கம் விட்டார். அது அங்கேயே நின்றது.

"இவ்ளோதானா?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

இரண்டு நாளில் போன் வந்தது. "சார், இத போன்ல தொறந்து பாத்தேன். போன ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம் வாங்குன கொழந்தைக்குக் கல்யாணம் ஆயிட்டதா காட்டுது."

கம்ப்யூட்டரில் பக்கத்தில் நின்ற ஓரக் குறிப்பு, போனின் குறுகிய திரையில் இடமில்லாமல் கீழே இறங்கி, அடுத்த பதிவின் தலையில் உட்கார்ந்திருந்தது. முன்பென்றால் தப்பான வரியைத் தேடிப் பிடித்திருப்பேன். இதில் வரியே இல்லை. போனில் சரி செய்தால் கம்ப்யூட்டரில் எழுத்தின்மேல் எழுத்து ஏறியது. கம்ப்யூட்டரைச் சரி செய்தால் போனில் குழந்தைக்கு மறுபடி கல்யாணம். மூன்று நாள் இப்படியே போயிற்று.

நான்காம் நாள் நேரில் போனேன். தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா பழைய பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"ஒவ்வொரு பதிவுக்கும் கீழ கோடு போட்ருக்கு பாருங்க. ஓரத்துல எழுதறதும் அந்தக் கோட்டுக்குள்ளதான்."

ஒரு பெரிய பெட்டியை இழுத்து வைத்து, பதிவையும் குறிப்பையும் அதற்குள் போட்டேன். போனில் குறிப்பு இப்போதும் கீழே இறங்கியது. ஆனால் தன் பதிவை விட்டுத் தாண்டவில்லை. சரியாகிவிட்டது. அந்த அம்மா தலையாட்டினார். எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. அந்தத் திரையைச் செய்தது நானா, அவரா என்றே எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் அடக்கப் பதிவேட்டுக்கான திரையை அவரே வரைந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சரியா இருக்கா, பாருங்க சார்."

கம்ப்யூட்டரிலும் போனிலும் பார்த்தேன். "சரியா இருக்கும்மா" என்றேன். பிறகும் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகலாமா என்று தெரியாமல்.