விசிலைக் காணோம்

பிள்ளைகளா, பெரியவள் வாங்கித் தந்த கொப்பியில் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்ற ஆள் நான். பிழை இருந்தால் சின்னவள் சிவப்புப் பேனாவை எடுக்காமல் வாசிக்கட்டும்.

முதலில் நான் உங்களிடம் மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது சரியில்லாமல் போய் மூன்று வருஷம் இருக்கும். முழுச் செவிடு இல்லை. மழை கேட்கும், லொறி கேட்கும், தேயிலைப் பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர்களின் இரைச்சல் நன்றாகவே கேட்கும். மெல்லிசாக, உச்சத்தில் போகிற சத்தம் மட்டும்தான் போய்விட்டது. முப்பது வருஷம் ரோலருக்குப் பக்கத்தில் நின்ற காது வேறு எப்படி இருக்கும்? ஆனால் அதை நான் வெளியே சொல்லவில்லை. மிசினில் பேரிங் தேயப் போகிறது என்றால் முதலில் சின்னதாக ஒரு கிறீச்சுச் சத்தம் வரும். அதை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடிக்கிற ஆள் என்றுதான் பெக்டரியில் எனக்குப் பேர். அந்தச் சத்தம் கேட்காமல் போன பிறகு மிசினின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சமாளித்தேன். நடுக்கம் மாறினால் கைக்குத் தெரிந்துவிடும்.

நேரில் பேசினால் உதட்டையும் பார்த்து விளங்கிக்கொள்வேன், போனைத்தான் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. பெரியவள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றேன். அட்டன் ஸ்டேஷனில் அவள் ரயில் ஏறும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றேன். அது உண்மை. ஆனால் ரயில் வளைவில் மறைந்ததுமே அந்தக் கோபம் போய்விட்டது, அதுவும் உண்மை. பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் கொழும்பிலிருந்து எங்களுக்குப் போன் எடுப்பாள். அவளுக்கு மெல்லிய குரல். போனில் அது எனக்கு மழையில் நனைந்த கடிதம் மாதிரி கலங்கித் தெரியும். எழுத்து இருக்கிறது, படிக்கத்தான் முடியாது. "சாப்பிட்டியாம்மா? சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று சொல்லிப் போனைக் கைமாற்றிவிடுவேன். அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சின்னவள் என்னிடம் ஒரு நாள் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. காது கேட்காத அப்பா என்பதைவிடக் கோபக்கார அப்பா என்பது கொஞ்சம் கௌரவமாகப் பட்டது. என்ன புத்தியோ.

இனிக் கசட் கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் அட்டன் டவுனில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. வேண்டிய சினிமாப் பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் கசட் தயாராக இருக்கும். நான் கொடுத்த பாட்டுகள் முடிந்தும் ரெண்டாம் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்திருக்கிறது. கடைக்காரர் அதை வீணாக்க மனசில்லாமல் தனக்குப் பிடித்த இங்கிலீஷ் பாட்டு ஒன்றைப் பதிந்து வைத்துவிட்டார். மேடைக் கச்சேரியில் பாடினது. கூட்டத்தின் கூச்சல், கிட்டார், தொண்டை கிழியப் பாடுகிற ஓர் ஆள். நடுவில் எல்லாம் அடங்கிவிடும். அந்த அமைதியில் கூட்டத்திலிருந்து யாரோ நீட்டி ஒரு விசில் அடிப்பார்கள். விசில் முடிகிற இடத்தில் டிரம் விழும். காலையில் ரோலருக்கு சுவிட்ச் போட்டதும் தரை ஒரு தூக்குத் தூக்கிப் போடும். அந்த மாதிரி விழும்.

சினிமாப் பாட்டெல்லாம் ஒரு வருஷத்தில் சலித்துப் போனது. இது சலிக்கவில்லை. பாடினது யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. டேப் சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் அம்மாதான் ஓட்டையில் பேனாவை விட்டுச் சுற்றித் தருவாள், ஏசிக்கொண்டே. பெரியவள் ஆறு வயதிலேயே ரெண்டு விரலை வாயில் வைத்து அந்த விசிலை அப்படியே அடிப்பாள். "பொம்பளப் புள்ள விசிலடிக்குது, நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்று ஏச்சு எனக்குத்தான் விழும்.

இந்தத் தீபாவளிக்குப் பெரியவள் வந்தாள். என்னிடம் அளவாகத்தான் பேசினாள். மறுநாள் மத்தியானம், வெளியே மழை. போனை டீவியில் மாட்டி, கொழும்பிலிருந்து கொண்டு வந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியை மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்காமல் தங்கச்சியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அப்பாவோட இங்கிலீஷ் பாட்டைக் கண்டுபிடிச்சிட்டேன்டி. அந்தக் கச்சேரியைப் படமாவே எடுத்திருக்காங்க. பிலிம் கீறல் விழுந்து நாசமாக் கெடந்துச்சாம். இப்ப ஒவ்வொரு படமாத் தொடச்சு, சத்தத்தையும் சுத்தம் பண்ணி விட்டிருக்காங்க."

"பேரே தெரியாம எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று சின்னவள் கேட்டாள்.

"விசிலை வச்சுத்தான். வேலை விட்டு வந்து போர்டிங்ல ஒக்காந்து பழைய கச்சேரி ஒன்னொன்னாக் கேட்டேன். ஒரு நாள் விசில் வந்துருச்சு."

தன்மேல் கோபமாக இருக்கிற அப்பாவுக்காக இந்தப் பிள்ளை இவ்வளவு பாடுபட்டிருக்கிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "போடு போடு, பாப்போம்" என்றுதான் சொன்னேன்.

படம் வந்தது. இத்தனை வருஷமாக அந்த மேடையில் பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நாலே பேர்! டிரம் அடிக்கிறவர் ஆனை மாதிரி இருப்பார் என்று நினைத்தால், தேயிலைக் குச்சி மாதிரி ஓர் ஆள். நேற்று எடுத்தது மாதிரி அவ்வளவு சுத்தம். பாடுகிறவரின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. கிட்டாரில் ஒரு கம்பி அறுந்து தொங்க, அந்த ஆள் அதைக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா, என்னா முடி!" என்றாள் அம்மா. "இவங்களுக்குப் பேன் பாக்கிறதுக்கே ரெண்டு நாள் லீவு போடணும்."

"அம்மா, ச்சூ!"

பாட்டு அடங்கியது. நான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தேன். படத்தில் கூட்டத்தைக் காட்டினார்கள். டிரம் விழுந்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்றேன். "விசிலைக் காணோம்!"

"என்னப்பா?"

"எடுத்துட்டானுங்கம்மா. சுத்தம் பண்றேன்னு விசிலையும் சேத்து எடுத்துட்டானுங்க. எனக்குத் தெரியாதா இந்த வேலை? தூள் சலிக்கிறப்ப கம்பு, நாரெல்லாம் போகணும்னு கண்டபடி ஆட்டினா நல்ல தூளும் சேந்து போயிரும். வெவரம் இல்லாதவங்க கையில சல்லடையைக் குடுத்திருக்கானுங்க. அந்த விசில் இல்லாம இது என்னா பாட்டு?"

நியாயமான கோபம் என்றே நினைத்துக்கொண்டு பேசினேன். சின்னவள், "அப்பா நக்கல் பண்றாரு" என்று சிரிக்கப் பார்த்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. பாட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை அவள் டீவியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

நானும் இந்தத் தடவை படத்தைச் சரியாகப் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ ஒருத்தர் தோளில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு விரல் வாயில், கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி உப்பியிருந்தது. எனக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டிரம்.

"வீடு முழுக்கக் கேட்டுச்சுப்பா" என்றாள் பெரியவள்.

அடுப்படிக்குப் போயிருந்த அம்மா அங்கிருந்தே கத்தினாள். "மூணு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன், எதுக்குன்னு நெனச்சீங்க? அந்த மனுசனுக்குக் கேக்காது."

"ஒங்களுக்குத் தெரியுமா? ஏம்மா சொல்லல?" என்று பெரியவள் கேட்டாள்.

"அவரே சொல்லட்டும்னு இருந்தேன். பெரிய மானஸ்தன்ல?"

பெரியவள் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை, உதட்டில் படித்தேன். அப்ப போன்ல?

"கேக்காதும்மா" என்றேன். "கோவமெல்லாம் இல்ல. சாப்பிட்டியான்னு கேப்பேன். நீ என்னா சொல்றேன்னு தெரியாது. சாப்பிட்டிருப்பேன்னு நெனச்சுக்குவேன்."

"ரெண்டு வருஷம்ப்பா! ஒருவாட்டி காய்ச்சல்ல கெடந்தேன், சாப்பிடலப்பான்னுகூடச் சொன்னேன். 'சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்'ன்னுட்டீங்க."

எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. சின்னவள்தான் முதலில் சிரித்தாள். அவளுக்கு ஒரு தடவை பிடித்தால் நிறுத்தத் தெரியாது. அவளைப் பார்த்துப் பெரியவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தோளில் ரெண்டு குத்துக் குத்தினாள். நல்ல குத்து. வலித்தது.

பிறகு என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். ரெண்டு விரலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பி, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஒரு விசில் அடித்தாள். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்டிருக்கிறது. மழையோடு நனைந்து ஓடி வந்து, நடு வீட்டில் நின்று உடம்பை உதறி எங்கள் எல்லார் மேலும் தண்ணி தெளித்தது. அம்மா கரண்டியோடு வந்தாள். நாய் தப்பித்துவிட்டது, ஏச்சு முழுக்கப் பெரியவளுக்கு விழுந்தது.

பாட்டை மூன்றாந் தரம் போட்டபோது, பெக்டரியில் மிசினைப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டேன். எப்படி என்று கேட்டுப் பெரியவளும் கையை வைத்தாள். விசில் வருகிற இடத்தில் என் புறங்கையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள், நீளமாக. கோடு முடிந்ததும் டிரம் ரெண்டு பேர் கையிலும் ஏறியது.

கொழும்புக்குத் திரும்புவதற்கு முன்னால் அவளே என்னை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காதைக் காட்டினாள். காதில் மாட்டுகிற மிசின் வைத்தால் பேச்சு விளங்கும், போன உச்சச் சத்தம் முழுக்கத் திரும்பாது என்றார்கள். பெக்டரியில் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். எனக்குக் கேட்காத கிறீச்சு இன்னொருவர் கையை வாங்கிவிடக் கூடாது. இதை எழுதிவிட்டேன், இனிச் சின்னவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

பஸ் ஏறும்போதுதான் பெரியவள் இந்தக் கொப்பியைத் தந்தாள். "பேச வராட்டி எழுதுங்கப்பா" என்று, நான் உதட்டைப் பார்க்கிற மாதிரி நின்று மெதுவாகச் சொன்னாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் தெரிகிற மாதிரிப் போன் எடுக்கிறாள். வெளிச்சத்துக்கு நேரே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறாள். போன வாரம் சாப்பிட்டியா என்று கேட்டேன். "இல்லப்பா" என்றாள். என்னைச் சோதிக்கிறாள் கள்ளி.

"ஏன் சாப்பிடல?" என்றேன்.

போனை அம்மாவிடம் கொடுக்கவில்லை.