என்னை வெளியே அனுப்பிய கேள்வி

என் கணவருக்குக் கழுத்தில் ஆபரேஷன் என்று முடிவானதும், எங்கள் குடும்பம் பையர் ஆடிட்டுக்குத் தயாராவது போலத் தயாரானது. எங்களுக்குக் கோவைப் பக்கம் ராயபுரத்தில் சின்ன பனியன் கம்பெனி. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் பார்வையிட வருவதற்கு முன்னால் டெய்லர்களை வரிசையாக நிற்க வைத்து என் கணவர் பாடம் எடுப்பார். கேட்டதற்கு மட்டும் பதில், சந்தேகம் வந்தால் 'இல்லீங்க', இவ்வளவுதான் பாடம். இந்தப் பாடத்தை அவர் தனக்கே எடுத்துக்கொண்டு கோவை ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை.

கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. துணியை இரண்டு விரலில் பிடித்தே கனம் சொல்லிவிடுகிற மனிதருக்குச் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நடந்தால் கால் பின்னியது. இப்படியே விட்டால் நடை போய்விடும், ஆபரேஷனில் நரம்பு அடிபட்டாலும் போய்விடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதனால் ஆபரேஷன் முடியும்வரை நரம்பைக் கண்காணிக்கத் தனியாக ஆள் உண்டாம்.

இந்த இடத்தில் குடும்ப ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு உண்டு. பெண் பார்க்க வந்தபோது மறைத்தார்கள், கல்யாணத்துக்குப் பிறகும் மறைத்துக்கொண்டே இருந்தார்கள். மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். ஒருநாள் கால் குடைச்சலுக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று நான் அந்த டப்பாவில் கை வைத்தேன். மாமியார் குழம்புக் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அது ஆம்பளைங்க போடற கால்சியம், கண்ணு!" என்றார்.

அதற்குப் பிறகு, கல்யாணமான அதே வருஷம், பொங்கலூரில் ஒரு காதுகுத்து விருந்தில் இவர் பந்தியிலேயே சாய்ந்துவிட்டார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் இவருடைய அண்ணன் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு வெயில் தாங்கவில்லை என்றார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுவாரம் ஒரு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய் என் ஊர் மருந்துக்கடையில் காட்டினேன், விஷயம் தெரிந்துவிட்டது. வலிப்புக்காக எனக்குக் கோபமே வரவில்லை. இந்த மனிதர் தன் வாயால் என்னிடம் சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தேன். பிள்ளைகள் காலேஜ் போகிற வயதுக்கு வந்துவிட்டார்கள், இவர் வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், நரம்பைக் கண்காணிக்கப்போகிற பெண் அறைக்கு வந்தாள். அறையில் நான், என் கணவர், மாமியார், கணவரின் அண்ணன். மயக்கத்தில் இருக்கும்போது தலையில் லேசாகக் கரண்ட் கொடுத்து, கைகால் தசை அசைகிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று விளக்கினாள். அப்போது தாடை இறுகி நாக்கைக் கடித்துவிடலாம் என்பதால் பல்லையெல்லாம் பார்க்க வேண்டும் என்றாள்.

"ஆடுற பல்லு ஏதாவது இருக்கா சார்?"

"இல்லீங்க."

"தலைக்குள்ள பிளேட், கிளிப்பு, நெஞ்சுல பேஸ்மேக்கர்..."

"இல்லீங்க, இல்லீங்க."

"கை மரத்துப் போகுதா?"

"இல்லீங்க."

"அதுக்குத்தானே சார் வந்திருக்கீங்க!" என்றாள் அந்தப் பெண். அண்ணன் தம்பியைப் பார்த்து மெச்சுகிற மாதிரி தலையாட்டினார். அவருக்கும் இது ஆடிட்தான்.

"ஃபிட்ஸ், வலிப்பு எப்பவாவது வந்திருக்கா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார்தான் முதலில் சுதாரித்தார். "கண்ணு, போயி காபி வாங்கிட்டு வா."

போனேன். வாங்கி வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஏதோ போன் வந்து, வெளியே போய்ப் பேசி முடித்து அப்போதுதான் உள்ளே வந்தாளாம். மறுபடி அதே கேள்வியைக் கேட்டாள். காபியில் சர்க்கரை இல்லை என்று அண்ணன் என்னைத் திருப்பி அனுப்பினார். அவருக்குச் சர்க்கரை வியாதி. இந்த முறை நான் கேண்டீனுக்குப் போகாமல் பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

"பாப்பா, ஒரு பேச்சுக்குக் கேக்கறனுங்க. ஒருத்தருக்கு ஃபிட்ஸ் இருக்குதுன்னு வெச்சுக்குங்க..." என்று அண்ணன் இழுத்தார்.

"யாருக்கு சார்?"

"எங்க பங்காளி ஒருத்தருக்குங்க."

"அவருக்கா நாளைக்கு ஆபரேஷன்?"

"இல்லீங்க, அவரு குண்டடத்துல தோட்டம் பார்த்துட்டு நல்லா இருக்காருங்க."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஃபிட்ஸ் இருக்குன்னா இதைச் செய்யவே கூடாதுன்னு இல்லை சார். முன்கூட்டியே தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லி, மருந்து சரியா இருக்கான்னு பார்த்து, தயாரா இருப்போம். கழுத்தைத் திறந்து வச்சிருக்கும்போது திடீர்னு வந்துச்சுன்னா என்ன பண்றது?"

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"சர்க்கரை எங்கம்மிணி?" என்றார் அண்ணன்.

"யாரும் ஒண்ணும் குடிக்க வேண்டாமுங்க. பாப்பா, அந்தக் கேள்விய இவருகிட்டயே இன்னொருக்கா கேளுங்க." பிறகு இவர் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, பொங்கலூர்ல அன்னைக்கு மழைங்க. எனக்கு எல்லாந் தெரியும். இப்பவாச்சும் நீங்களே சொல்லுங்க."

"உனக்கு ஆரு கண்ணு சொன்னது?" என்று கேட்டுவிட்டு மாமியார் பெரிய மகனை முறைத்தார். அவர் சாமி மேல் சத்தியம் செய்ய ஆரம்பித்தார்.

என் கணவர் அவர்களைக் கவனிக்கவில்லை. "வருமுங்க. பத்தாவது படிக்கறப்ப இருந்து வருது" என்றார். இத்தனை வருஷம் காத்திருந்து கேட்டதில் எனக்கு ஒரு நிமிஷம் ஜெயித்த மாதிரிகூட இருந்தது.

"கடைசியா எப்ப வந்துச்சு சார்?"

அதற்கும் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"போன மாசமுங்க. கம்பெனி சாம்பிள் ரூம்ல."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

"கூட யாரு இருந்தாங்க?"

"ஆரும் இல்லீங்க. வர்ற மாதிரி இருந்துச்சு, உள்ளுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுட்டனுங்க."

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே சார்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "பக்கத்து ரூம்ல ஊட்டுக்காரிதானுங்க பீஸ் செக் பண்ணிட்டிருந்துச்சு. தெரிஞ்சு போயிருமில்லீங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பக்கம் இவர் தனியாகத் தரையில் கிடந்து துடித்திருக்கிறார். அந்தப் பெண்ணின் முன்னாலேயே அவரைத் திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். அவள் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு மருந்தை மாற்றினார்கள். பிறகு அதே பெண் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்க, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் என் கணவர், டாக்டர் சொன்னபடி கால் விரல்களை அசைத்தார். இப்போது பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார்.

அவர் திரும்பக் கம்பெனிக்கு வந்த அன்று, நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போய் சாம்பிள் ரூம் தாழ்ப்பாளை உள்ளும் வெளியும் கழற்றினேன். கழுத்துப்பட்டையோடு வாசலில் நின்று பார்த்தார்.

"சாம்பிளெல்லாம் காணாமப் போயிரும், புள்ள."

"போனாப் போவட்டுமுங்க" என்றேன்.