எல்லாம் சூடுதான்!

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் எனக்கு வேலை. கல்யாணமாகி மூன்று வருடம். ஒரு முறை கரு கலைந்திருந்தது, குழந்தை இல்லை. அதற்குப் பிறகு அடிவயிற்றில் ஓயாத வலி, சாயங்காலமானால் காய்ச்சல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். வலி எனக்கு, பதில் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரர். "அவளுக்குச் சூடு, டாக்டர். நாள் பூரா நின்னுக்கிட்டே வேல பாக்கா, அம்புட்டுதான்!" பக்கத்தில் மாமியார் வேறு, "வெந்தயத் தண்ணி குடின்னா கேக்கவே மாட்டா." வெள்ளைப்படுகிறதா என்று டாக்டர் என்னைக் கேட்டார். இவர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இல்லையென்று தலையாட்டித் தொலைத்தேன். ஆறு மாதம் இதே கூத்து.

கடைசியில் சாதா ஸ்கேனில் கட்டி மாதிரி ஏதோ தெரிந்தது. புற்றாக இருந்தால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கும், எதற்கும் மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள் என்றார் டாக்டர். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அந்த மெஷின் காந்தமாம், உடம்பில் பொட்டு இரும்பு இருக்கக் கூடாதாம். தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகளைக் கழற்றினேன். ஜாக்கெட்டில் இரண்டு, பாவாடை நாடாவில் ஒன்று. "ஏம்மா, இன்னும் எம்புட்டு ஊக்கு வச்சிருக்க?" என்று நர்ஸ் அலுத்துக்கொண்டார். வெளியிலிருந்து என் வீட்டுக்காரர், "அவளுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், சூடுதான்" என்று குரல் கொடுத்தார்.

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க!" என்று நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, அதே பழைய கேள்வியைக் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரு கலைந்ததிலிருந்தே வெள்ளைப்படுகிறது, நாற்றமும் உண்டு என்று சொன்னேன். அவர் அதை ஒரு சீட்டில் எழுதி, படத்தோடு சேர்த்து எங்கள் டாக்டருக்குக் கொடுத்தனுப்பினார்.

படத்தையும் சீட்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் எங்கள் டாக்டருக்கு விஷயம் பிடிபட்டது. புற்று இல்லை, கிருமித் தொற்றால் கருக்குழாயில் சீழ் கோத்திருந்தது. "மொதல்லயே சொல்லியிருந்தா மாத்திரையிலயே போயிருக்குமேம்மா!" என்று என்னைத்தான் திட்டினார். வாயே திறக்க விடாமல் கூட நின்றவர்களுக்கு ஒரு திட்டும் இல்லை! எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஊசி மருந்திலேயே சரியாகி, கர்ப்பப்பை தப்பியது.

போன மாதம் வயிற்று வலியென்று என் மகளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அவளைக் கேட்டு முடிக்கவில்லை, "அவளுக்குச் சூடு..." என்று என் வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்து, கதவைச் சாத்தினேன். அன்றைக்கு மதுரையில் ஒருத்தி எனக்காக ஒரு கதவைச் சாத்தியதால்தான் இவள் பிறந்தாள் என்பதை நானே மறக்கப் பார்த்தேனே!